'ஒன் இன் ஃபைவ்' வந்தால் ஹேஸா, ஹேவா?

வணக்கம். ஆங்கிலத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. எண்ணிக்கைச் சொல் எழுவாயில் வந்தால் வினை ஒருமையா பன்மையா என்பதில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் ஆர், 'த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்றால் இஸ். இது பிடிபட்டுவிட்டது, முன்னதில் பேச்சு மாணவர்களைப் பற்றியது, பின்னதில் எண்ணிக்கையைப் பற்றியது. சதவீதம் வந்தால் 'ஆஃப்' தாண்டி வரும் பெயர்ச்சொல்லைப் பார்க்கிறேன்: 50 பர்சென்ட் ஆஃப் த வாட்டர் இஸ், 50 பர்சென்ட் ஆஃப் த பாட்டில்ஸ் ஆர். 'டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் டிஸ்டன்ஸ்', அதுவும் சரி, பத்தும் சேர்ந்து ஒரே தூரம்.

சிக்கல் 'ஒன் இன் ஃபைவ் ஸ்டூடண்ட்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தில்தான். 'ஒன்' என்ற சொல்லைப் பார்த்தால் ஹேஸ் வர வேண்டும். ஆனால் சொல்ல வருவது ஒரே ஒரு மாணவரை அல்லவே, ஐந்தில் ஒரு பங்குப் பேரை. அப்படிப் பார்த்தால் ஹேவ். இரண்டு இலக்கணப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒன்று ஒருமைதான் என்கிறது, மற்றது இரண்டும் செல்லும் என்கிறது. பிழை திருத்தும் மென்பொருளில் இரண்டையும் அடித்துப் பார்த்தேன், எதற்கும் சிவப்புக் கோடு விழவில்லை.

தேர்வுக் கட்டுரையில் எதை எழுதினால் மதிப்பெண் குறையாது?