கனடா இன்சூரன்ஸ்: வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிறு காலை

குழு: நம்ம வீடு, புதுச்சேரி

அப்பா: ஏஜென்ட் பாலிசி அனுப்பியிருக்கார். பாரிஸ், கனடா ரெண்டுக்கும் சேர்த்து ஒரே இன்சூரன்ஸ், 180 நாள். சல்லிசா முடிஞ்சிடும்ங்கறார். பணம் கட்டிடட்டுமா?

வாசுகி (டொராண்டோ): அப்பா, கட்டிடாதீங்க. படிச்சிட்டு வர்றேன்.

வாசுகி: பாத்துட்டேன். பாரிஸுக்கு இது போதும். கனடாவுக்குச் செல்லாது. உங்க ரெண்டு பேருக்கும் போடுறது சூப்பர் விசா, இங்க இருக்குற பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்குன்னே தர்றது. அதுக்கு 1,00,000 கனடா டாலருக்குக் குறையாம கவரேஜ் வேணும், உள்ள வர்ற நாள்ல இருந்து குறைஞ்சது ஒரு வருஷம் இருக்கணும். இதுல 50,000 அமெரிக்க டாலர், 180 நாள்தான் இருக்கு. தொகையும் பத்தல, நாளும் பத்தல.

இளங்கோ: அக்கா, இந்தியக் கம்பெனி பாலிசியே இப்ப செல்லும், ரூல் மாறிடுச்சுன்னு ஏஜென்ட் அடிச்சுச் சொல்றாரு.

வாசுகி: ரூல் மாறினது நிஜம்தான்டா, 2025 ஜனவரி 28ல. அதுக்கு முன்னாடி கனடா கம்பெனி மட்டும்தான். இப்ப வெளிநாட்டுக் கம்பெனியும் ஆகும். ஆனா அந்தக் கம்பெனி இங்க ஓ.எஸ்.எஃப்.ஐ.ங்கற அரசு அமைப்புகிட்ட அனுமதி வாங்கி, அவங்க லிஸ்ட்ல இருக்கணும். பாலிசியும் அது கனடாவுல நடத்துற வியாபாரத்துல கொடுத்ததா இருக்கணும். ஊர்ல எழுதித் தர்ற டிராவல் பாலிசி இதுல எங்க வரும்? ஏஜென்ட் பாதிச் செய்தியைப் படிச்சிருக்கார்.

சித்தப்பா (பாரிஸ்): வாசுகி, அண்ணனும் அண்ணியும் சாதா விசிட்டர் விசாவுல போயிடலாமே? அதுக்கு இன்சூரன்ஸ் கேக்கமாட்டாங்களாமே.

வாசுகி: கேக்கமாட்டாங்கதான் சித்தப்பா. ஆனா அதுல வழக்கமா 6 மாசம்தான் தங்க முடியும். சூப்பர் விசான்னா ஒரு தடவை வந்தா 5 வருஷம் வரைக்கும் இருக்கலாம். அதோட, விசா கேக்கலைங்கறதுக்காக ஆஸ்பத்திரி பில்லு குறையப் போறதில்ல. இங்க எங்களுக்கு இருக்குற ஓஹிப்ங்கற அரசு மருத்துவ இன்சூரன்ஸ், சுற்றிப் பாக்க வர்றவங்களுக்குக் கிடையாது. எந்த விசாவா இருந்தாலும் இன்சூரன்ஸ் இல்லாம அப்பாவை நான் பிளேன் ஏற விடமாட்டேன்.

அம்மா: அப்பாவுக்கு சுகர் இருக்குறதையும் எழுதணுமாம்மா?

அப்பா: சுகர்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு. எழுதினா பிரீமியத்தை ஏத்திடுவான். விட்டுடலாம்.

வாசுகி: அப்பா, அது மட்டும் வேண்டாம். கிளெய்ம்னு போனா, நம்ம ஊர் டாக்டர்கிட்ட இருக்குற பழைய ரெக்கார்டைத்தான் கம்பெனியில முதல்ல கேப்பாங்க. மறைச்சது தெரிஞ்சா பாலிசியையே ரத்து பண்ணலாம். அப்புறம் பனியில வழுக்கிக் கால் உடைஞ்சாக்கூட நம்ம காசுதான். கூடக் கொஞ்சம் ஆனாலும் சுகரைச் சேர்த்து கவர் பண்ற பாலிசிதான் எடுக்கப் போறேன்.

வாசுகி: அதுல ஒரு நிபந்தனை இருக்கு. இங்க "ஸ்டேபிள்"னு சொல்வாங்க. பாலிசி தொடங்குற நாளுக்கு முன்னாடி 90 நாளோ 180 நாளோ, மாத்திரையில, டோஸ்ல, வியாதியில எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. எத்தனை நாள்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி, வயசுக்கு வயசு மாறும். அப்பாவுக்கு நான் பாத்து வச்சிருக்குறது 90 நாள். சமீபத்துல எதுவும் மாத்தலையே?

அம்மா: மாத்தினாங்களே! காலையில ஒரு 500, ராத்திரி ஒரு 500 போட்டுட்டு இருந்தார். இப்ப ராத்திரிக்கு 1000 ஆக்கிட்டாங்க.

அப்பா: அது மாத்திரை மாறலையே. அதே மெட்ஃபார்மின்தான், டோஸ்தான் கூட்டியிருக்கு.

வாசுகி: டோஸைக் கூட்டினாலும் குறைச்சாலும் அவங்களுக்கு அது மாற்றம்தான்ப்பா. அன்னைக்கு இருந்து 90 நாளைத் திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும். சீட்டுல தேதி என்ன போட்டிருக்கு?

அம்மா: டிசம்பர் 28.

இளங்கோ: 90 நாள்னா மார்ச் 28. டிக்கெட் பாத்து வச்சது மார்ச் 15க்கு.

அப்பா: அப்ப தள்ளிப் போடணுமா? உனக்கு ஏப்ரல் கடைசியில டெலிவரி. அதுக்கு முன்னாடி அம்மா அங்க இருந்தாகணும்.

சித்தப்பா: அண்ணே, திரும்பி வரும்போது இங்க வர்றதா இருந்தீங்க இல்ல? அதை மாத்தி முதல்ல இங்க வந்துடுங்க. மார்ச்ல மூணு வாரம் எங்களோட இருந்துட்டு, ஏப்ரல் 5 வாக்குல டொராண்டோ போங்க.

வாசுகி: சித்தப்பா, அது சரியா வரும்! கனடா பாலிசி தொடங்குறது கனடாவுக்குள்ள நுழையுற நாள்தான். ஏப்ரல் 5க்குப் போட்டா 90 நாள் தாண்டிடும். விசா தள்ளிப் போனா தொடங்குற தேதியையும் தள்ளிக்கலாம். விசா கிடைக்கலைன்னா பணம் திரும்ப வரும், அந்த ஷரத்தைப் பாத்துத்தான் எடுப்பேன்.

இளங்கோ: அப்ப இந்த ஏஜென்ட் பாலிசியைப் பாரிஸுக்கு மட்டும் வச்சுக்கலாமா?

வாசுகி: வச்சுக்கலாம், நாளைக் குறைச்சு. பாரிஸுக்குப் போடுறது ஷெங்கன் விசா, ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா. அதுக்கு 30,000 யூரோ கவரேஜ் போதும். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரி, முடியாம போனா ஊருக்குக் கொண்டு வர்ற செலவு, இறந்துட்டா ஆகுற செலவு எல்லாம் அடங்கணும். ஷெங்கன் நாடு அத்தனையிலயும் செல்லணும், பிரான்ஸ்னு மட்டும் இருந்தா பத்தாது.

சித்தப்பா: ஆமா, ஒரு நாள் ஜெனீவா கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன். எங்க வீட்ல தங்குறதுக்கு மேரில, அதான் இங்க நகராட்சி ஆபீஸ்ல, அத்தெஸ்தாசியோன்னு ஒரு சான்றிதழ் வாங்கணும், அதுக்கு 30 யூரோ நான் கட்டிக்கிறேன். அதுலயே இன்சூரன்ஸ் நான் எடுக்குறேனா அண்ணன் எடுக்குறாரான்னு ஒரு கட்டம் வரும். அண்ணன்னே போட்டுடறேன்.

அம்மா: திரும்பி வரும்போது மறுபடி பாரிஸ்ல இறங்கினா இதே இன்சூரன்ஸ் ஆகுமா?

வாசுகி: ஆகாதும்மா. பல தடவை போற விசாவா கொடுத்தாலும், முதல் பயணத்துக்குத்தான் இன்சூரன்ஸைக் காட்டச் சொல்வாங்க. அடுத்த தடவைக்கு நாமளே எடுத்துக்கணும்னு அந்த ஃபார்ம்லயே கையெழுத்து வாங்கிடுவாங்க.

அப்பா: கனடாவுக்கு நான் என்ன பண்ணணும்?

வாசுகி: பணம் நான் கட்டுறேன். வெறும் கோட்டேஷனை விசா ஆபீஸ்ல ஏத்துக்கமாட்டாங்க. மொத்தமா கட்டினதுக்கோ, முன்பணம் கட்டித் தவணை போட்டதுக்கோ ரசீது வேணும். 1,000 டாலர் டிடக்டிபிள் வச்சா பிரீமியம் இறங்கும், முதல் 1,000 டாலர் நம்ம கையில இருந்து போகும். அது பரவாயில்லப்பா, பெரிய செலவுக்குத்தானே இன்சூரன்ஸ். பாலிசி காப்பியைக் கைப்பையில வைங்க, ஏர்போர்ட்ல கேட்டா காட்டணும். ஏப்ரல் 5 வரைக்கும் டாக்டர் எதையாவது மாத்தினா அன்னைக்கே எனக்குச் சொல்லணும். அதுக்காக அவர் மாத்தச் சொன்னதை மாத்தாம இருந்துடாதீங்க. உடம்புதான் முக்கியம், தேதியை நான் பாத்துக்கிறேன்.

அப்பா: சரிம்மா. புதன்கிழமை டாக்டரைப் பாக்கப் போறேன். சுகர், டோஸ் கூட்டின தேதி ரெண்டையும் போட்டு லெட்டர் எழுதி வாங்கிடறேன். இளங்கோ, ஏஜென்ட்கிட்ட பாரிஸ் மட்டும்னு சொல்லிடு.

இளங்கோ: இப்பவே பேசிடறேன்ப்பா.