கீமோ ஓடும்போது நெஞ்சுவலி, கை வீக்கம், ரேடியேஷனுக்குப் பின் ரத்தக் கசிவு: நாங்கள் பார்த்தவை

மருத்துவராக இரவுப் பணியில் இருந்தபோது, நாற்பதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. ஆனால் ஈசிஜியில் எஸ்டி பகுதி நன்றாக உயர்ந்திருந்தது. மாரடைப்பு என்றே வேலையை ஆரம்பித்தோம். போர்வையை விலக்கியபோது இடுப்பில் ஒரு சின்ன பம்பு. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஃபுளுரோயுராசில், 46 மணி நேரம் ஓடும் மருந்து, அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது.

உடனே பம்பை நிறுத்தினோம். நைட்ரோகிளிசரின் கொடுத்ததும் வலி அடங்கியது, ஈசிஜியும் இறங்கி வந்தது. ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. இந்த மருந்து சிலருக்கு இதய ரத்தக்குழாயை இறுக்கிச் சுருக்கிவிடும். மாத்திரையாகத் தரும் கேபசைட்டபினும் உடலுக்குள் இதே மருந்தாகத்தான் மாறுகிறது. அடைப்பு இல்லை என்றதும் குடும்பத்துக்கு நிம்மதி. எனக்கோ அடுத்த சுற்றை நினைத்துக் கவலை. அதே மருந்து திரும்ப ஏறினால் குழாய் மறுபடி சுருங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியதோடு விடாமல், அவருடைய புற்றுநோய் மருத்துவரை ஃபோனில் பிடித்துப் பேசினேன்.

*

நான் கீமோ வார்டு நர்ஸ். எங்களுக்குப் பழகிப்போனது கை வீக்கம். பிக் லைன் (கைச் சிரை வழியாக உள்ளே செல்லும் நீண்ட மெல்லிய மருந்துக் குழாய்) போட்ட கையில் மோதிரம் இறுகுகிறது, தோள் கனக்கிறது என்பார்கள். ஊசி போட்ட வலிதான் என்று வீட்டில் நாள் கடத்தியிருப்பார்கள். பார்த்தால் ஆழத்துச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கும். உறைவைத் தேடும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையை நம்பி உட்காரக் கூடாது, புற்றுநோய் இருந்தாலே அது பெரும்பாலும் கூடித்தான் இருக்கும். நேரே டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுப்பதுதான் சரி. இன்னொன்று, லைன் நன்றாக வேலை செய்து, தேவையும் இருந்தால் பிடுங்க வேண்டியதில்லை. உறைவைத் தடுக்கும் மருந்தோடு அதிலேயே கீமோவைத் தொடரலாம்.

*

அப்பாவுக்குத் தொண்டையில் ரேடியேஷன் முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு நாள் காலையில் வாயில் கொஞ்சம் ரத்தம், தானாகவே நின்றது. அவசரப் பிரிவு டாக்டர் வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். கதிர்வீச்சில் கழுத்துத் தமனியின் சுவர் நலிந்திருக்கலாம், பெரிதாக வெடிப்பதற்கு முன்னால் இப்படிச் சின்னதாகக் கசியும் என்றார். சிடி ஆஞ்சியோவில் தமனியில் புடைப்பு தெரிந்தது. அன்றே உறையிட்ட ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த டாக்டருக்கு நாங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது ஸ்டென்ட் அடைக்காமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அவ்வப்போது ஸ்கேனுக்கும் போகிறோம்.