டெக்குக்கு வெப்பமண்டலக் கடின மரம்: போட்டவர்களின் அனுபவம்

எங்கள் வீட்டுப் பின்புற டெக்கில், அதாவது திறந்தவெளி மரத் தளத்தில், முதலில் இருந்தது மருந்து ஏற்றிய பைன். ஆணி இறங்கிய இடங்களில் ஈரம் தங்கித் தங்கி மெத்தென்று ஆகிவிட்டது. மாற்றும்போது ஐப்பே போட்டோம், தென் அமெரிக்க மரம். மிஞ்சிய ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் நேராக அடியில் போய் உட்காருகிறது! கன மீட்டருக்கு ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை. இவ்வளவு நெருக்கமான மரத்துக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. அதோடு மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான வைரப் பகுதியில் இயற்கையாகவே இருக்கும் ரசாயனங்கள் பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாது, அதனால் மருந்து அடிக்கிற வேலையே இல்லை. இரும்பு நாற்காலியை இழுத்தாலும் லேசில் கீறல் விழுவதில்லை.

போடும்போதுதான் ஆசாரிக்குச் சோதனை. முன்கூட்டியே துளை போடாவிட்டால் ஸ்க்ரூ கழுத்தோடு முறியும். அறுக்கும்போது பறக்கும் மஞ்சள் தூள் சிலருக்கு அரிப்பைக் கிளப்பும், மாஸ்க் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். அறுத்த முனைகளில் அன்றைக்கே மெழுகு பூசிவிட வேண்டும், இல்லையென்றால் வெடிப்பு விடும்.

---

நான் போட்டது மெர்பாவ், தென்கிழக்கு ஆசியக் கடின மரம். உறுதியில் குறையே இல்லை. ஆனால் முதல் சில மழைக்குச் செம்பழுப்புச் சாயம் வடிந்து கீழே சிமெண்ட் தரையெல்லாம் கறை. சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்ட ஓரத்தில் மரமே கறுத்துவிட்டது. மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகுமாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வாங்குங்கள்.

---

எங்களுடையது தேக்கு. எண்ணெய்ப் பசை உள்ள மரம், படகுத் தளத்துக்கே போடுகிறார்கள். ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இளம் தோட்டத் தேக்கில் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றி இருக்கும் வெளிர்நிற மரம், அதிகம். எந்த மரமானாலும் வெளிறு சீக்கிரம் உளுத்துவிடும். எங்கள் பலகை இப்போது வெயில் பட்டு வெள்ளிச் சாம்பல் நிறம். அது மேற்பரப்பில் மட்டும்தான், பலம் குறையவில்லை. பழைய நிறமே வேண்டுமென்றால் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, சாம்பலே அழகாகத்தான் இருக்கிறது.

அப்புறம், ஐப்பே வாங்குபவர்கள் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். 2024 நவம்பரிலிருந்து அது சைட்டிஸ் என்ற, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சான்று இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது.

---

மெர்பாவ் நண்பருக்கு: அந்தக் கறுப்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு நன்றாகக் கழுவிப் பாருங்கள். எனக்குப் போய்விட்டது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஸ்க்ரூவையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.