பினாங்கில் ஒரே நாளில் கடலோரம், இரவுச் சந்தை: சைவக்காரங்களுக்குத் தோதுப்படுங்களா?

பெருந்துறை_சாரதா:
கோவையிலிருந்து ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர் மாறி பினாங்கு போறோமுங்க. நாலு பேர். அப்பா அம்மா முட்டைகூடத் தொடமாட்டாங்க. ஜார்ஜ் டவுன், பத்து பெரிங்கி கடற்கரை, அங்கத்த இரவுச் சந்தை மூணையும் கார் எடுக்காம ஒரே நாள்ல பார்க்க முடியுங்களா? சிங்கப்பூருக்கு விசா எடுக்கணுமா?

அன்னூர்_வழிப்போக்கன்:
தாராளமா முடியுமுங்க. வரிசை மாறினாத்தான் நாள் வீணாகும். பினாங்கு இருக்கிற தீபகற்ப மலேசியா 1982லிருந்து கடிகாரத்தைக் கிழக்கே இருக்கிற சபா, சரவாக்கோட ஒண்ணாக்கிக்கிச்சு. அதனால அங்க பொழுது விழவே ஏழு, ஏழரை ஆகும்; சந்தைக் கடையெல்லாம் அப்பத்தான் விரிப்பாங்க. காலைல கடற்கரைக்குப் போயிட்டா, சாயங்காலம் வரைக்கும் வெயில்ல சும்மா நிக்கணும்.

வெடியால எட்டு மணிக்கு ஜார்ஜ் டவுன் கடலோர ரோடு வெல்ட் கீ பக்கம் சியூ ஜெட்டி. கடலுக்குள்ள கால் நட்டுக் கட்டின மரவீடுங்க. ஆளுங்க குடியிருக்கிற இடம், வாசலுக்குள்ள கேமராவை நீட்டாதீங்க. அப்படியே குவீன் தெருவுல 1833ல கட்டின மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியாவுல மதியச் சோறு. ஊருக்குள்ள சுத்த ‘கேட்’னு இலவச பஸ் இருக்கு.

நாலு மணிக்கு முன்னாடி ஜெட்டி பஸ் நிலையத்துல பத்து பெரிங்கி போற 101ம் நம்பர் பஸ் ஏறிடுங்க. அஞ்சு மணியாச்சுன்னா வழில வர்ற தஞ்சோங் தொக்கோங் பக்கம் வண்டி நகராது. போகும்போது வலது பக்கம் உட்காருங்க, கடல் அந்தப் பக்கம்தான். காசாக் கொடுத்தா டிரைவர் சில்லறை திருப்பித் தரமாட்டார்; ஒரு ரிங்கிட் நோட்டா மாத்தி வெச்சுக்குங்க.

பல்லடம்_பசிக்காரன்:
சாப்பாட்டுல கண்ணுக்குத் தெரியற கறி, மீனைவிடக் குழம்புக்குள்ள கரைஞ்சு கிடக்கிற இறால் விழுதுதான் தொல்லை. பெலாச்சான்னு ஒண்ணு, சம்பல்ங்கிற மிளகாய்ச் சட்னில அரைச்சிருப்பாங்க. ஹே கோன்னு இன்னொண்ணு, கருப்பாப் பாகு மாதிரி இருக்கும். பினாங்கு ரோஜாக்கிலயும், அரிசிமாவுச் சுருள் சீ சியோங் பன்னிலயும் ஊத்தறது அதைத்தான். ரோஜாக் பழமும் வெள்ளரியும் கலந்ததுதானேன்னு வாங்கிடாதீங்க. அசாம் லக்சாங்கிற நூடுல்ஸ் மீன் சாறுல பண்றது. சார் குவே தியாவ்ங்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ்ல இறாலை எடுக்கச் சொன்னாலும், சீனக் கடைல தாளிக்கிறது பன்றிக் கொழுப்புல, சட்டியும் அதேதான். ஆப்பம் பாலிக்ங்கிற வேர்க்கடலை வெச்சு மடிச்ச இனிப்பு அப்பத்தோட மாவுல முட்டை இருக்கும்.

செண்டோல்ங்கிற குளிர் இனிப்பைப் பயமில்லாம சாப்பிடலாம்: தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை அரிசிமாவுச் சேவை, ஐஸ், சிவப்பு பீன்ஸ். ஆனா அப்பா அம்மாவுக்கு ராத்திரிச் சோத்தைச் சந்தைல தேடாதீங்க. லிட்டில் இந்தியா சைவ ஓட்டல்ல இட்லியோ சப்பாத்தியோ கட்டி வாங்கிட்டுப் பஸ் ஏறுங்க. அங்க தமிழ்லயே கேட்டுக்கலாம்.

உடுமலை_டிக்கெட்:
கோவை–பினாங்கு முழுக்க ஒரே புக்கிங்கா இருந்து, பெட்டியும் பினாங்கு வரைக்கும் டேக் ஆனா, சிங்கப்பூர்ல வெளிய போகவேண்டியதில்லை, விசாவும் வேண்டாம். தனித்தனி டிக்கெட்னா பெட்டியை எடுத்து மறுபடி போட இமிகிரேஷன் தாண்டணும். விசா இல்லாதவங்களைக் கோவை கவுண்டர்லயே நிறுத்திடுவாங்க. மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும் 30 நாள் விசா வேண்டாம். ஆனா எம்.டி.ஏ.சி.ங்கிற மலேசிய டிஜிட்டல் வருகைப் படிவத்தை இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள போடணும். அது இலவசம்; காசு கேட்கிற தளம் எதுவும் அரசோடது இல்லை.

பெருந்துறை_சாரதா:
ரொம்ப நன்றிங்க. பசங்க கடல்ல இறங்கலாமா? சந்தைல என்ன வாங்கலாம்?

அன்னூர்_வழிப்போக்கன்:
ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகை இருந்தா கால்கூட நனைக்க வேண்டாம். கொட்டிட்டா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. வினிகர் ஊத்தி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

பத்து பெரிங்கி சந்தை ரோட்டோரமா தினமும் உண்டு. மத்த ‘பசார் மாலாம்’ (மலாய்ல இரவுச் சந்தை) நம்ம வாரச்சந்தை மாதிரி கிழமைக்கு ஒரு இடம். தங்கற இடத்துல கேட்டுக்குங்க. பத்து பெரிங்கில கைக்கடிகாரம், பை பெரும்பாலும் போலி. டி-சர்ட்டைப் பார்த்துத் திருப்பூர் பக்கத்து ஆளுங்க அசரப்போறதில்லை. பத்திக் துணி பரவாயில்லை. சொல்ற விலைல பாதிக்குக் கேளுங்க.

பத்தரைக்கெல்லாம் கிளம்பிடுங்க, அதுக்கப்புறம் பஸ்ஸை நம்பாதீங்க. வாடகைக் கார் கூப்பிடற கிராப் செயலியை ஊர்லயே போட்டு ஓ.டி.பி. வாங்கி வெச்சுட்டா ராத்திரி அலையவேண்டியதில்லை. கடை மூடற நேரத்துல வாடகை ஏறும்.