டிஷியனின் 'பாக்கஸும் அரியாட்னியும்': அவள் பயந்து ஓடுகிறாளா?

கேள்வி:
லண்டன் நேஷனல் கேலரியின் தளத்தில் இத்தாலிய ஓவியர் டிஷியனின் இந்த ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கதை தெரியும். கிரேக்க வீரன் தீசியஸ் புதிர்ப்பாதையிலிருந்து வெளியே வர நூல்கண்டு கொடுத்து உதவியவள் அரியாட்னி, அவளை நக்ஸோஸ் தீவில் தூங்கவிட்டு அவன் கப்பலேறிப் போய்விடுகிறான், அப்புறம் மதுக்கடவுள் பாக்கஸ் தன் கூட்டத்தோடு வந்து அவளைக் கண்டதுமே மனதைப் பறிகொடுக்கிறான். ஆனால் படத்தில் எனக்குக் காதலே தெரியவில்லை. தேரிலிருந்து ஒருவன் பாய்கிறான், கால் இன்னும் மண்ணைத் தொடவில்லை, அவள் விலகி ஓடுகிற மாதிரிதான் இருக்கிறது. முன்னால் பாம்போடு மல்லுக்கட்டுகிற ஆள், கிரேக்கக் கதையில் பாம்புகள் தாக்கிய டிராய் நகரப் பூசாரி லாவோகூனா? அவருக்கு இங்கே என்ன வேலை?

பதில் 1:
பயம் இருக்கிறது, நீங்கள் பார்த்தது சரி. ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியதைப் படியுங்கள்: மூன்று முறை ஓடப் பார்க்கிறாள், மூன்று முறையும் பயமே அவளைத் தடுக்கிறது. பாக்கஸ் ஏன் குதிக்கிறான் என்பதற்கும் அங்கேயே காரணம் இருக்கிறது. தேரை இழுக்கும் புலிகளைக் கண்டு அவள் அஞ்சக் கூடாதாம், அதனால் இறங்கி வருகிறான். டிஷியன் புலிக்குப் பதில் இரண்டு சிவிங்கிப்புலிகளைப் பூட்டியிருக்கிறார். அந்தப் பாய்ச்சல் எனக்கு அன்பாகத்தான் தெரிகிறது.

பதில் 2:
பாம்புக்காரர் லாவோகூன் இல்லை, ஆனால் அந்தச் சாயல் தற்செயலும் இல்லை. லாவோகூன் சிலை ரோமில் 1506இல் தோண்டி எடுக்கப்பட்டது. டிஷியன் இந்தப் படத்தை 1520க்கும் 1523க்கும் இடையில் ஃபெராரா பிரபு அல்ஃபோன்சோ தெஸ்தேவுக்காக வரைந்தார், அப்போது இத்தாலிய ஓவியர்கள் எல்லோருக்கும் அந்தச் சிலைமேல் ஒரு கண். ஆள் கதைக்குள் வந்தது இன்னொரு ரோமானியக் கவிஞரான கட்டல்லஸின் கவிதை வழியாக. பாக்கஸின் கூட்டத்தில் சிலர் பாம்பை உடம்பில் சுற்றிக்கொண்டார்கள், சிலர் பிய்த்தெடுத்த கன்றின் உறுப்புகளை வீசினார்கள் என்று அதில் வருகிறது. பக்கத்திலேயே பாருங்கள், ஆட்டுக்கால் கொண்ட ஒரு சின்னப் பயல் கன்றுத்தலையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நேராக நம்மையே பார்க்கிறான். அவ்வளவு கூச்சலுக்கு நடுவில் அந்த அமைதியான முகம்தான் என்னை உலுக்குகிறது.

பதில் 3:
அரியாட்னியின் உடம்பை மட்டும் தனியாகப் பாருங்கள். உடம்பு கடல் பக்கம், முகம் பாக்கஸ் பக்கம். உடம்பு இன்னும் தீசியஸிடமிருந்து திரும்பவில்லை, கண் திரும்பிவிட்டது. இது ஓடுகிற பெண் இல்லை, திரும்பிக்கொண்டிருக்கிற பெண். இடது ஓரத்தில் கப்பல் தெரிகிறதா? அப்படியே மேலே வானத்தில் எட்டு நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கும். அவளுடைய மகுடம் பின்னால் விண்மீன் கூட்டமாகப் போகிறது, அதை டிஷியன் இப்போதே மாட்டிவைத்துவிட்டார். ஒன்று மட்டும், திரையில் பார்க்கும்போது அந்த நீலத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 1960களின் கடைசியில் பழைய வார்னிஷை எடுத்துச் சுத்தம் செய்தபோது வானம் இவ்வளவு பளிச்சென்று வந்ததே சரியா என்று சண்டையே நடந்தது.

கேள்வி கேட்டவர்:
கப்பலை இப்போதுதான் கண்டுபிடித்தேன், நகத்தளவுதான் இருக்கிறது! கீழே கப்பல், மேலே நட்சத்திரம், நடுவில் அவள். இத்தனை நேரம் பாக்கஸையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த ஓரத்தை நான் கவனிக்கவே இல்லை.