டிசம்பர் 3 மெரினா பயணம்: தன்னார்வலர்கள் தேவை

மணல்வீடு:
மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று ஓர் இல்லத்தில் இருப்பவர்களை எங்கள் அலுவலகம் மெரினாவுக்கு அழைத்துப் போகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் எல்லோரும் வருகிறார்கள். ஆளுக்கொரு தன்னார்வலர் வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். வருகிறீர்களா?

தெற்குமாடவீதி:
நான் வரமாட்டேன். ஒரே நிற டீ-சர்ட், பேனர், குழுப்படம், அப்புறம் அடுத்த டிசம்பர் வரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் மெரினாவில் சக்கர நாற்காலி மணலைத் தாண்டிக் கடல் பக்கம் போக டிசம்பரில் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடுவார்கள். 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்ததென்றால், மாற்றுத்திறனாளிகளே வருடக்கணக்கில் விடாமல் கேட்டதால் வந்தது. உங்கள் அலுவலகம் அந்த ஒருநாள் செலவைப் போட்டு, இல்லம் இருக்கும் தெருவில் நடைபாதையைச் சரிசெய்யச் சொல்லி மாநகராட்சியை நெருக்கட்டும்.

மணல்வீடு:
அந்தப் பாதை 263 மீட்டர். திறந்து இரண்டு வாரத்திலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். சரி, பாதை இருக்கிறது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவே ஒருவர் துணை வேண்டியவர் அதுவரை எப்படி வருவார்? இல்லத்தில் ஓர் அம்மா சென்னையிலேயே பிறந்தவர், கடலில் கால் நனைத்ததே இல்லை. நடைபாதை முதலில் சரியாகட்டும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டுசக்கரம்:
முதுகுத்தண்டில் அடிபட்டபின் நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இப்படிப்பட்ட பயணங்களில் போயிருக்கிறேன், இனியும் போவேன். எனக்குக் கடல் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

போகிற இடத்தில் நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லை என்றால் நாங்கள் முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். டிசம்பர் வெயிலென்றாலும் மதியத்துக்குள் தலை சுற்றும். நாற்காலியைப் பின்னாலிருந்து சொல்லாமல் தள்ளாதீர்கள், உங்கள் தோளைப் பிடித்து யாரோ தள்ளுவது மாதிரிதான் அது. தூக்க நேர்ந்தால் கைப்பிடியையோ கால்மிதியையோ பிடிக்காதீர்கள், பல நாற்காலிகளில் அவை கழன்று வரும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள். என்னைப் போன்றவர்களுக்கு உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை. அரைமணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடலை உயர்த்தவில்லை என்றால் புண்ணாகும், மாதக்கணக்கில் ஆறாது. அந்த நேரத்தில் "என்ன ஆச்சு?" என்று நாலு பேர் ஓடிவர வேண்டாம்.

படம் எடுப்பதென்றால் ஒவ்வொருவரிடமும் கேட்டு எடுங்கள்.

வேளச்சேரி அம்மா:
என் மகனுக்கு ஆட்டிசம். ஒலிபெருக்கி வைத்தால் காதைப் பொத்திக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிடுவான். தெற்குமாடவீதி தம்பி, மனுப் போடுவது அவசியம்தான், நானும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு பகல் முழுக்க இன்னொருவர் அவனோடு இருப்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

தெற்குமாடவீதி:
அக்கா, நீங்கள் சொல்வது வருடம் முழுக்கக் கிடைக்க வேண்டிய துணை. அதை ஒரு நிறுவனம் டிசம்பரில் ஒருநாள் தருவதை நான் எப்படிப் பாராட்டுவது? மணல்வீடு, ஒரு கேள்வி. மெரினா என்று முடிவு செய்தது யார்?

மணல்வீடு:
இல்லப் பொறுப்பாளரிடம் பேசித்தான் முடிவு செய்தோம்.

தெற்குமாடவீதி:
அவரைக் கேட்டீர்கள். வரப்போகிறவர்களை? சிலருக்குக் கடலைவிடத் தி.நகரில் போய்த் தனக்குப் பிடித்த சேலையைத் தானே எடுக்க ஆசை இருக்கலாம். வர விருப்பமில்லை என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

மணல்வீடு:
நியாயமான கேள்வி. சனிக்கிழமை இல்லத்துக்குப் போய் ஒவ்வொருவரிடமும் பேசுகிறேன். கடல்தான் வேண்டும் என்பவர்களுக்காகப் பயணம் நடக்கும், அதில் நான் பின்வாங்க மாட்டேன். தன்னார்வலர்களுக்கு முதல்நாள் பயிற்சி வைக்கிறோம். இரண்டுசக்கரம், நீங்கள் வந்து சொல்லித்தர முடியுமா?

இரண்டுசக்கரம்:
வருகிறேன். பயிற்சி நடக்கும் இடத்துக்குப் படி இல்லாத வாசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மெரினாவில் கழிப்பறை எங்கே, நாற்காலி உள்ளே திரும்புமா என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு இல்லத்துக்குப் போங்கள். அது தெரியாமல் அவர்களால் வருகிறேன் என்று சொல்ல முடியாது.