தெம்பாகா பூத்தே: வெண்செம்பா, வெண்பித்தளையா?

அன்புள்ள குழுமத்தார்க்கு,

மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் ‘தெம்பாகா பூத்தே’ என்னும் உலோகத்தில் செய்த வெளிர்நிறக் கலன்களை ‘வெண்செம்பு’ என்று குறிக்கலாம் என ஐயா எழுதியிருந்தார். மலாய்ப் பெயருக்கு நேர்பெயர்ப்பு அதுதான்: தெம்பாகா செம்பு, பூத்தே வெள்ளை. ஆனால் மலாயில் பித்தளையும் தெம்பாகாதான். சிவப்பு என்று சேர்த்தால் செம்பு, மஞ்சள் என்றால் பித்தளை. சீனத்தில் ‘தோங்’ என்ற சொல்லும் இப்படித்தான் நிறத்தை முன்னால் ஏற்றுக்கொள்கிறது. நம் செம்பிலோ சிவப்பு பெயரிலேயே இருக்கிறது. வெண்செம்பு என்றால் ‘வெள்ளைச் சிவப்பு’ என்று காதில் விழுகிறது. போதாததற்கு, தண்ணீர்ச் செம்பும் நினைவுக்கு வந்து நிற்கிறது.

கோலத் திரங்கானுவில் ஒரு பழம்பொருள் கடையில் வெற்றிலைச் செல்லம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளி என்றே நினைத்தேன். துணி எட்டாத மூலைகளில் மெல்லிய மஞ்சள் ஏறியிருந்தது. உள்ளே இருந்த சுண்ணாம்புச் சிமிழான கரண்டகத்தின் விளிம்பில் யாரோ எப்போதோ எடுத்த சுண்ணாம்பு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை; அதோடு நிக்கல் சேரும்போது நிறம் வெளுக்கிறது. ஆகவே ‘வெண்பித்தளை’ என்பதே என் வாக்கு.

வெண்கலத்தோடு குழம்பும் என்பார்கள். குழம்பாது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. யானை புகுந்த கடையின் ஓசையிலேயே அதை நாம் அறிவோம். பாத்திரக் கடைகளில் புழங்கும் ‘ஜெர்மன் சில்வர்’ வேண்டாம். அதில் வெள்ளியே கிடையாது. சீனத்து வெள்ளை உலோகத்தைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் செய்த கலவைக்கு அமைந்த பெயர் அது. மலாய்ப் பட்டறைக்கு அந்தப் பெயர் எதற்கு?

இந்தக் கலன்களை வார்க்கும் முறைக்கு, ஆங்கிலத்தின் ‘lost-wax’ என்பதை அப்படியே பெயர்த்த ‘இழந்த மெழுகு வார்ப்பு’ என்பதையும் விட்டுவிடலாம். மெழுகை யாரும் தொலைக்கவில்லை. மெழுகில் உரு செய்து, மண் பூசி, சுட்டு உருக்கி வெளியே ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலையில் ‘மெழுகு வார்ப்பு’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

மற்றவற்றுக்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. தெம்பாகாவே தாமிரத்தின் உறவுக்காரச் சொல். மூக்குள்ள ‘கெண்டி’ இரு மொழியிலும் கெண்டிதான். ‘கெத்தூர்’ என்று எழுதியிருந்த எச்சில் கலத்துக்குக் காளாஞ்சி என்ற பெயர் இருக்கிறது, புழக்கத்தில்தான் இல்லை.